கோட்டையோட பேருக்குச் சண்டை போட்டோம், மேப்பை யார் பார்த்தது?

பாண்டி பீச்சுக்குப் போகாத இன்ஜினியரிங் ஸ்டூடன்ட் நம்ம பக்கத்துல அபூர்வம். காந்தி சிலையைச் சுத்தி நெடுநெடுன்னு நிக்கிற கல் தூண்களுக்கு முன்னாடி குரூப் போட்டோவும் எடுத்திருப்பீங்க. அந்தத் தூண்களோட சொந்த ஊர் பாண்டிச்சேரி இல்லை, செஞ்சி. 1750 முதல் 1761 வரை செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. இங்கிருந்து பெயர்த்துக் கொண்டுபோன தூண்கள்தான் கடைசியில் அந்தக் கடற்கரையில் போய் நிற்கின்றன.

அப்போ செஞ்சிக்காரங்க யாரையும் யாரும் கேக்கல. பீரங்கி வெச்சிருக்கிறவன் முடிவு பண்ற காலம் அது. இப்போ அப்படி இல்லை. ஒரு கோட்டையைச் சுற்றி எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டக் கூடாது, எவ்வளவு உயரம் வரை போகலாம் என்று விதி எழுதும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்படிக் கேட்கிற நேரத்தில் நாம எங்க இருக்கோம்? அதைப் பத்திதான் இந்தக் கட்டுரை. செஞ்சியை வெச்சு சொல்றேன், ஏன்னா அது என் ஊர். ஆனா உங்க ஊருக்கும் இது பொருந்தும்.

பேர் பெரிசா, கோடு பெரிசா?

2025 ஜூலை 11. பாரிஸில் நடந்த உலக பாரம்பரியக் குழுவின் 47-ஆவது கூட்டத்தில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தனியாக அல்ல. 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகள். அதில் 11 மகாராஷ்டிராவில் இருப்பவை, மீதி ஒன்று செஞ்சி.

அன்னைக்கு ராத்திரி எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்கள் எல்லாம் தீப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு. "கோட்டையைத் தொடங்கினது ஆனந்தக் கோன், இதுல மராட்டியர் எங்க வந்தாங்க?" என்று ஒரு பக்கம். "பெரிசா கட்டினது நாயக்கர்கள்தானே?" என்று இன்னொரு பக்கம். 1677-ல் சிவாஜி பிடித்தது, அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்துகொண்டு முகலாயப் படையை 1698 வரை எட்டு வருஷம் தாக்குப்பிடித்தது என்று மூன்றாவது பக்கம். நடுவில் ஒருத்தர் 1714-ல் செத்துப்போன தேசிங்கு ராஜாவுக்காகக் கண்ணீர் விட்டார்.

இது தேவையில்லாத சண்டைன்னு நான் சொல்ல மாட்டேன். பெயரில் வரலாறு இருக்கு. ஆனா இந்த மாதிரி பட்டியலுக்கு விண்ணப்பிக்கும்போது பெயரோடு சேர்த்து ஒரு வரைபடமும் போகும். உள் எல்லை இது, அதைச் சுற்றிய காப்பு வளையம் இது என்று அதில் கோடு போட்டிருப்பார்கள். நான் பார்த்த அத்தனை குரூப்பிலும் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு மெசேஜ்கூட வரவில்லை. பெயரால் யார் வீட்டுக் கூரையும் ஒழுகப் போவதில்லை. கோட்டால் ஒழுகும். எப்படின்னு சொல்றேன்.

100 + 200

முதலில் சட்டம். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இல்லாம சுருக்கமா பாத்துடலாம்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள எந்த நினைவுச் சின்னத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாப் பக்கமும் 100 மீட்டர் 'தடை செய்யப்பட்ட பகுதி'. அதற்கு வெளியே இன்னொரு 200 மீட்டர் 'ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி'. 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 1992 ஜூன் 16 அறிவிக்கை, 2010-ல் வந்த திருத்தம் என மூன்று கட்டமாக வந்த ஏற்பாடு இது. முதல் 100 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. மீறினால் 2 வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கிக் கட்டலாம்.

நாம இன்ஜினியரிங் பசங்க, ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை இணைக்கும் செஞ்சி மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர் என்பார்கள். அதற்கு வெளியே 300 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை போட்டால் 13,000 × 300 = 39 லட்சம் சதுர மீட்டர். ஏறத்தாழ 960 ஏக்கர். இது நோட்டுல போட்ட தோராயக் கணக்குதான். உண்மையான அளவு சர்வே எண்களைப் பொறுத்தது. ஆனாலும் விஷயத்தோட சைஸ் புரியுதா? பாறை, வயல், ஏரி, வீடு, கடை எல்லாம் அந்தப் பட்டைக்குள் வந்துவிடும். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற ரோடே கோட்டையை ஊடுருவித்தான் போகுது.

இந்தக் கோடு வேணுமா வேணாமான்னு கேட்டா, வேணும்னுதான் நான் சொல்வேன். கோடு இல்லேன்னா ராஜகிரிக்கு எதிரில் நாலு மாடி லாட்ஜ் நிக்கும். 'கோட்டை வியூ பிளாட்' என்று போர்டு வைக்க ஆள் ரெடியா இருக்காங்க. கோடு போடுறது தப்பில்லை. கோட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாம இருக்கிறதுதான் பிரச்சினை.

பெரியம்மா வீட்டு ஓடு

எங்க பெரியம்மா வீடு கோட்டை மதிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கு. நாட்டு ஓடு போட்ட வீடு, முன்னாடி திண்ணை. கைமரம் ரெண்டு இடத்துல உளுத்துப்போச்சு. 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது ஞாபகம் இருக்கும். நம்ம மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த ரெண்டு நாளும் பெரியம்மா தார்ப்பாய்க்கு அடியில், அரிசி மூட்டையைக் கட்டில் மேல ஏத்தி வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க.

"ஏன் பெரிம்மா ரிப்பேர் பண்ணல?"ன்னு கேட்டேன்.

"கோட்டைக்காரங்க விட மாட்டாங்கன்னு கொத்தனார் சொன்னாருப்பா. ஒரு செங்கல் வெச்சாலும் கேஸாம்."

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி பல வருஷமாக அந்தக் கூரை அப்படியே இருக்கு. சட்டத்தில் இருப்பது வேற. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால், 100 மீட்டருக்குள் இருந்தாலும் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் 15 நாளில் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்துக்குப் போகணும், ஆணையம் 2 மாதத்தில் கருத்துச் சொல்லணும், அதன்பிறகு 1 மாதத்தில் முடிவு வரணும்.

இன்னொண்ணு. 'கட்டுமானம்' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் சில வேலைகளை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். வடிகால் அமைப்பது, பொதுக் கழிப்பிடம், பொதுமக்களுக்கான குடிநீர் வசதி, மின்சார வசதி எல்லாம் 'கட்டுமானம்' கணக்கில் வராது. அதாவது, "கோட்டைக்குப் பக்கத்துல இருக்கிறதால உங்க தெருவுக்குக் கால்வாய் வராது"ன்னு யாராவது சொன்னா, நீங்க திருப்பிக் கேக்கலாம்.

ஆனா சட்டம் எல்லாத்துக்கும் கதவைத் திறந்து வைக்கலை. இருக்கிற வீட்டை மேலேயோ பக்கவாட்டிலோ நீட்டினால் அது புதுக் கட்டுமானம்தான். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகப்போகுது, மாடியில ஒரு ரூம் எடுக்கணும்ங்கிறது பெரியம்மாவோட ரொம்ப நாள் ஆசை. இஸ்ரோ உதவியோடு உருவாக்கின 'ஸ்மாரக்' ஆப்பில் வீட்டைப் பார்த்தோம். தடை செய்யப்பட்ட பகுதி. மாடி ரூம் கிடையாது. அண்ணன் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்கு வீடு பாக்குறான்.

அன்னைக்கு பெரியம்மா கேட்டது இன்னும் என் காதுல நிக்குது: "கோட்டை எங்க ஊர்ல இருக்கா, இல்ல நாங்க கோட்டையில வாடகைக்கு இருக்கமா?"

திண்ணைக் கூட்டம்

இதுக்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்காரங்க பத்துப் பன்னிரண்டு பேரைப் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உக்கார வெச்சோம். நான் லேப்டாப்பில் மேப்பைத் திறந்து, யார் வீடு எந்தப் பட்டையில வருதுன்னு ஒவ்வொண்ணா காட்டினேன். ஒரே தெருவுல மூணு வகை மனுஷங்க இருந்தாங்க. ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நம்பி, ஒழுகுற கூரைக்குக் கீழே இருக்கிறவங்க. சத்தமில்லாம கட்டிட்டு, எப்ப நோட்டீஸ் வருமோன்னு பயத்துல இருக்கிறவங்க. எந்தக் கோடும் இருக்கிறது தெரியாம இப்பதான் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தவங்க. அந்த மூணாவது ஆளுக்கு மனையை வித்த புரோக்கர் பாரம்பரியப் பட்டியலைப் பத்தி அரை மணி நேரம் பேசியிருக்கார், 300 மீட்டரைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

எல்லாரும் ஒரே கருத்துல இருந்தாங்கன்னு நினைக்காதீங்க. மினி லாரி ஓட்டுற ஒரு அண்ணன், "யுனெஸ்கோ வந்தா டூரிஸ்ட் வருவான், நம்ம பசங்களுக்கு வேலை வரும், கோட்டைக் குறை சொல்லாத"ன்னார். கோட்டை வாசல்ல வெள்ளரிக்காயும் மோரும் விக்கிற அக்கா, "டூரிஸ்ட் வந்தா முதல்ல எங்களைத்தானே எழுப்புவாங்க?"ன்னாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். மதில் ஓரத்துல வளர்ந்தவங்களுக்கு ராஜகிரின்னா மலை மேல இருக்கிற கமலக்கண்ணி அம்மன். கல்லை யாராவது பெயர்த்தா முதல்ல சத்தம் போடுறவங்களும் இவங்கதான். 13 கிலோமீட்டர் மதிலுக்கு எத்தனை காவலாளி போட முடியும்? மதிலுக்கு உண்மையான காவல், பக்கத்துல குடியிருக்கிறவங்களோட கண்ணு.

அந்தத் திண்ணையில் ரெண்டு விஷயம் முடிவாச்சு. ஒண்ணு, 1992-க்கு முன்னாடியே வீடு இருந்ததுக்கு ஆதாரம் சேர்க்கிறது. பெரியம்மாவோட தகரப் பெட்டியில 1986-ஆம் வருஷ வீட்டு வரி ரசீது கிடைச்சுது, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு. வேற ஒரு வீட்டுல பழைய கரண்ட் கார்டு. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வெச்சோம். டேப் பிடிச்சு அளந்து, வீட்டோட பிளான் வரைஞ்சு, நாலு பக்கமும் போட்டோ எடுத்தோம். செகண்ட் இயர்ல நாம கடனேன்னு பண்ணின சர்வே லேப் வேலைதான் இது.

ரெண்டாவது, ஒரு மனு. கோட்டின் எல்லை தெரியும்படி தெருமுனைகளில் தமிழில் போர்டு வைக்கணும். ஓட்டு வீடுகளைப் பழுதுபார்க்க எதற்கு அனுமதி, எதற்குத் தேவையில்லை என்று ஒரு பக்க விளக்கம் பேரூராட்சி அலுவலகத்தில் ஒட்டணும். வாசலில் வியாபாரம் செய்பவர்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. ஏரிகளுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்களையும் மேப்பில் சேர்க்கணும். கடைசி கோரிக்கை ஃபெஞ்சல் கத்துக்கொடுத்தது. கோட்டையைக் கட்டினவங்க மலையில விழுற தண்ணியை செட்டிகுளம், சக்கரகுளம்னு அடிவாரத்துலயே பிடிச்சு வெச்சாங்க. வாய்க்கால் மேல மனை போட்டுட்டு கோட்டையை மட்டும் காப்பாத்தினா, அது பாதிப் பாதுகாப்புதான்.

திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கியாச்சு. பெரியம்மாவோட கூரை விண்ணப்பமும் தனியா போயிருக்கு. ரெண்டுக்கும் பதில் வரணும்.

ஹம்பியும் பன்ஹாலாவும்

"இதெல்லாம் ரொம்ப பயப்படுறீங்க"ன்னு நினைச்சா, ஹம்பிக்குப் போனவங்க யாரையாவது கேளுங்க. 1986-ல் ஹம்பி உலக பாரம்பரியச் சின்னமானது. 1999-ல் 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலுக்குப் போய், 2006-ல் அதிலிருந்து வெளியே வந்தது. விருபாட்சர் கோயிலுக்கு எதிரே நீளும் பழைய கடைத்தெருவின் கல் மண்டபங்களில் பல குடும்பங்கள் வீடும் கடையுமாக இருந்தன. 2011 ஜூலையில் அங்கே இடிப்பு வேலை தொடங்கியது. 300-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் பெயர வேண்டியிருந்தது. அவங்க செஞ்சது ஆக்கிரமிப்பா இல்லையான்னு வாதாடலாம். ஆனா அவங்க அங்க குடியிருந்தது ஒரே ராத்திரியில் நடந்ததில்லை. முன்னாடியே உக்காந்து பேச வருஷக்கணக்கில் நேரம் இருந்தது.

இப்போ நம்ம 12 கோட்டைகளில் இன்னொன்று, கோலாப்பூர் மாவட்டத்துப் பன்ஹாலா. அந்தக் கோட்டைக்கு உள்ளேயே ஒரு ஊர் இருக்கு, அதுக்குத் தனியா நகராட்சி இருக்கு. சுமார் 3,000 பேர் வாழ்கிறார்கள். யுனெஸ்கோ பட்டியலில் சேரப் போகிறது என்றதும் அந்த ஊர்க்காரங்க சும்மா இருக்கல. புதுக் கட்டுப்பாடு வருமா, வீட்டை விட்டு எழுப்புவாங்களா என்று பட்டியல் வருவதற்கு முன்பே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மாவட்ட நிர்வாகம் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. பன்ஹாலா பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனா அந்த ஊர்க் கேள்வி எல்லார் காதிலும் விழுந்த பிறகுதான் சேர்ந்தது. செஞ்சியும் அதே நாளில் அதே பட்டியலில்தான் சேர்ந்தது. நாம கேட்டது "மராட்டியரா, கோனாரா?" மட்டும்தான்.

யுனெஸ்கோவே இதை வேண்டாம்னு சொல்லலை. 2007-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் கூடிய உலக பாரம்பரியக் குழு, தன்னுடைய முக்கிய நோக்கங்கள் நான்கோடு ஐந்தாவதாக 'சமூகங்கள்' என்பதையும் சேர்த்துக்கொண்டது. அங்க இருக்கிற மக்களை விட்டுட்டு ஒரு இடத்தைப் பாதுகாக்க முடியாதுன்னு அவங்களே எழுதி வெச்சாச்சு.

கதவு எப்போ திறக்கும்?

நீங்க தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது இதுதான். கதவு எப்பவும் திறந்திருக்காது. ஆனா திறக்கும்.

ஒவ்வொரு நினைவுச் சின்னத்துக்கும் தனியாகப் பாரம்பரியத் துணைவிதிகள் எழுத வேண்டும் என்கிறது சட்டம். எவ்வளவு உயரம், எந்த மாதிரி முகப்பு, எங்கே கடை என்பதெல்லாம் அதில்தான் வரும். வரைவு தயாரானதும் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையம் அதை இணையதளத்தில் போட்டு, கருத்துச் சொல்ல 30 நாள் தருகிறது. அந்த 30 நாளில் எங்க பெரியம்மா அந்த இணையதளத்தைத் திறப்பாங்களா? மாட்டாங்க. நீங்களும் நானும் திறக்கலாம்.

ஒரு ஊருக்கு முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான் போடும்போது, 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி குறைந்தது 2 மாதம் அவகாசம் தரணும். எந்த நிலம் குடியிருப்பு, எது விவசாயம், எது வணிகம் என்று அதில் வண்ணம் பூசுவார்கள். ஆட்சேபணையை யார் வேண்டுமானாலும் எழுத்தில் தரலாம். எழுத்தில் என்பதைக் கவனிங்க. டீக்கடையில பேசினது கணக்குல வராது.

ஊராட்சிகளில் வருஷத்துக்கு 6 கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களிலும் பேரூராட்சிகளிலும் 2022 விதிகளுக்குப் பிறகு வார்டு அளவில் பகுதி சபை இருக்கு. அங்கே போடும் தீர்மானம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறும். பின்னாடி ஒரு நாள் "உங்க ஊர்க்காரங்க யாரும் எதுவும் சொல்லலையே"ன்னு சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 400-க்கும் மேற்பட்ட சின்னங்கள் இருக்கு. மாமல்லபுரம், தஞ்சாவூர், வேலூர் கோட்டை, திண்டுக்கல் மலைக்கோட்டை என்று ஒவ்வொன்றைச் சுற்றியும் இதே 100, இதே 200. நம்ம கிளாஸ்லயே அந்தப் பட்டைக்குள்ள வீடு இருக்கிறவங்க ரெண்டு மூணு பேராவது இருப்பீங்க.

அதனால செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு மூணு வேலை. ஆப்பில் உங்க தெருவைப் பாருங்க. வீட்டுப் பெட்டியில் 1992-க்கு முந்தைய வரி ரசீது, கரண்ட் கார்டு எது கிடைச்சாலும் போட்டோ எடுத்து வையுங்க. பக்கத்து வீட்டுத் திண்ணையில உக்காந்து, கோடு எங்க போகுதுன்னு அவங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க. மனு எழுத யாருக்காவது மாதிரி வேணும்னா, எங்க தெருவோட மனுவைத் தர்றேன். ஊர்ப் பேரை மட்டும் மாத்திக்காம, உங்க தெருவுல கேட்டு எழுதுங்க. எங்க தெருவுக்கு ஓடும் வாய்க்காலும்தான் பிரச்சினை, உங்க தெருவுக்கு வேற ஏதாவது இருக்கும்.